எம்.இ. கடைசி வருட ப்ராஜெக்ட்: கல்லூரி லேபா, கம்பெனியா, ஆய்வு நிறுவனமா? எதை எடுத்தால் என்ன நடக்கும்?

மூன்றாவது செமஸ்டர் தொடங்கி சில நாள்தான் ஆகியிருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்து விழும். "ப்ராஜெக்ட் டைட்டில், கைடு பெயர் ரெண்டையும் வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க." அடுத்த பத்து நிமிடத்தில் சீனியர்களுக்கு போன் பறக்கும். "அண்ணா, ஈஸியா முடியுற டைட்டில் ஏதாவது இருக்கா?"

எம்.இ., எம்.டெக். படிக்கும் பெரும்பாலான மாணவர்கள் தங்கள் படிப்பின் மிகப்பெரிய முடிவை இப்படித்தான் எடுக்கிறார்கள். ஒரு செல்போன் வாங்க இரண்டு வாரம் ரிவ்யூ வீடியோ பார்ப்பவர்கள்கூட, ஒரு வருடம் கூடவே வரப்போகும் ப்ராஜெக்ட்டை இரண்டு நாளில் முடிவு செய்துவிடுகிறார்கள். அதன் விலை மே மாதம் வைவா நேரத்தில்தான் தெரியும்.

என்னென்ன வாய்ப்புகள் இருக்கின்றன? எதில் என்ன சிக்கல்? டைட்டில் ஃபாரத்தில் கையெழுத்து போடும் முன் எதை விசாரிக்க வேண்டும்? பார்க்கலாம்.

ஃபேஸ் 1, ஃபேஸ் 2 என்றால் என்ன?

பி.இ. ப்ராஜெக்ட்டை நான்கு பேர் சேர்ந்து செய்திருப்பார்கள். ஒருவர் கோடிங், ஒருவர் ரிப்போர்ட், ஒருவர் பிபிடி, இன்னொருவர் பைண்டிங் கடைக்குப் போய் வந்தவர். எம்.இ.யில் அந்த வசதி கிடையாது. இங்கே ப்ராஜெக்ட் தனி ஆளாகச் செய்வது. கேள்வி வந்தால் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க முடியாது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் பல எம்.இ. பிரிவுகளுக்கு ப்ராஜெக்ட் இரண்டு பகுதியாக வருகிறது. மூன்றாவது செமஸ்டரில் 6 கிரெடிட், நான்காவது செமஸ்டரில் 12 கிரெடிட். மொத்தம் 18. முழுப் படிப்பின் கிரெடிட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இது. தன்னாட்சிக் கல்லூரிகள், என்.ஐ.டி., ஐ.ஐ.டி.களில் எண்ணிக்கை மாறும், ஆனால் இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட்டைச் சுற்றித்தான் ஓடும் என்பது மாறாது. எம்.எஸ். பை ரிசர்ச் என்பது வேறு கதை. அங்கே சேரும்போதே ஆய்வுதான் படிப்பு.

முதல் பகுதியில் ஏற்கெனவே வெளியான ஆய்வுகளைப் படித்து, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று முடிவு செய்து, ஆரம்பக்கட்ட முடிவு ஒன்றையாவது காட்ட வேண்டும். இரண்டாவது பகுதியில் அதை முழுதாகச் செய்து, தீசிஸ் எழுதி, வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் முன்னால் வைவா. நடுவில் ரிவ்யூக்கள்.

பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. ஃபேஸ் 1-ல் தேறாதவர் ஃபேஸ் 2-க்குப் பதிவு செய்ய முடியாது. அடுத்த செமஸ்டரில் ஃபேஸ் 1-ஐ மறுபடி செய்துவிட்டுத்தான் மேலே போக முடியும். "ஃபேஸ் 1 சும்மா பிபிடி தானே" என்று விட்டவர்களுக்கு, ஆறு மாதமும் ஒரு செமஸ்டர் ஃபீஸும் கையை விட்டுப் போகும். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்திருந்தால் அதில் சேரும் தேதியும் சிக்கலாகும்.

கல்லூரி லேபிலேயே செய்தால்?

பெரும்பாலானோர் எடுக்கும் வழி இதுதான். கைடு பக்கத்திலேயே இருப்பார், லேப் கீழ் மாடியில், ஹாஸ்டல் பக்கத்தில். பார்த்தால் ரொம்ப சேஃப். ஆனால் இதில்தான் காலக் கணக்கு அதிகமாகத் தப்புகிறது.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாக ஃப்ளை ஆஷ் எனப்படும் நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்தால் கான்கிரீட்டின் பலம் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் வருடா வருடம் பல கல்லூரிகளில் எடுக்கப்படும் தலைப்பு. சாம்பல் சேர்க்காத கலவை ஒன்று, வெவ்வேறு அளவில் சேர்த்த கலவை நான்கு. ஆக ஐந்து கலவை. 7 நாள், 28 நாள், 90 நாள் என்று மூன்று முறை சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சராசரி எடுக்க மூன்று கியூப். கூட்டிப் பார்த்தால் 45 கியூப்.

150 மில்லிமீட்டர் கியூப் ஒன்று சுமார் 8 கிலோ எடை இருக்கும். 45 கியூப் என்றால் 360 கிலோவுக்கு மேல் கான்கிரீட். அதைக் கலக்கி, அச்சில் ஊற்றி, மறுநாள் பிரித்து, க்யூரிங் டேங்கில் போட வேண்டும். அந்த டேங்கையும் அச்சுகளையும் அதே நேரத்தில் பி.இ. மாணவர்களும் கேட்பார்கள்.

இப்போது காலண்டரை எடுப்போம். ஃபேஸ் 2-க்கு அண்ணா பல்கலைக்கழக விதிமுறை சொல்லும் குறைந்தபட்ச காலம் 16 வாரம். அதாவது 112 நாள். 90 நாள் பலம் பார்க்க வேண்டுமென்றால் மிச்சம் இருப்பது 22 நாள். அந்த 22 நாளுக்குள் பொருள் வாங்கி, கலவை விகிதம் சரிபார்த்து, ஊற்றி, கடைசியில் தீசிஸும் எழுத வேண்டும். நடக்காது. ஃப்ளை ஆஷ் கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் பலம் ஏறும் என்பதால், 28 நாளோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஆகவே கியூப் ஊற்றும் வேலை ஃபேஸ் 1 முடிவதற்குள், அதாவது நவம்பருக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் கலவை சொதப்பிவிட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதையும் கணக்கில் வைக்கணும்.

தலைப்பு பழசா புதுசா என்பது இங்கே இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, நாள் போதுமா என்பது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு க்யூரிங் டேங்க் இல்லை. அவர்களுக்கு டேட்டாதான் டேங்க். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்ரே படத் தொகுப்பை எடுத்து, ஒரு டீப் லேர்னிங் மாடலை ஓட்டி, "98 சதவீதம் அக்யூரசி" என்று ஸ்லைடில் போடுவது இப்போது சகஜம். அனுபவமுள்ள எக்ஸ்டர்னல் அந்த எண்ணைப் பார்த்து வியக்க மாட்டார். அவர் கேட்பது வேறு: "ஒரே நோயாளியோட ரெண்டு படம் இருந்தா, ஒண்ணு டிரெயினிங்லயும் இன்னொண்ணு டெஸ்டிங்லயும் போச்சா?"

போயிருந்தால், மாடல் நோயைக் கண்டுபிடிக்கவில்லை; ஆளைத்தான் அடையாளம் கண்டிருக்கிறது. 98 அப்படியே சரிந்துவிடும். படங்களை நோயாளி வாரியாகப் பிரித்து, 84 சதவீதம் வந்தாலும் அது ஏன் 84 என்று விளக்கத் தெரிந்த மாணவருக்குத்தான் அந்த அறையில் மதிப்பு அதிகம்.

வி.எல்.எஸ்.ஐ. படிப்பவர்களுக்கு சாஃப்ட்வேர் லைசென்ஸ் ஒரு தலைவலி. சிப் டிசைன் டூல்கள் லட்சக்கணக்கில் விலை கொண்டவை, வீட்டு லேப்டாப்பில் போட்டு ஓட்ட முடியாது. மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு சி-டாக்கின் சிப்இன் மையம் வழியாக இந்த டூல்கள் கிடைக்கின்றன. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் முடிக்கக்கூடிய வேலையாகத் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

கம்பெனியில் ப்ராஜெக்ட்: வேலையும் கிடைக்குமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் தொழிற்சாலைகள், ஓசூர், கோவையின் பம்ப் கம்பெனிகளும் ஃபவுண்டரிகளும். இங்கெல்லாம் எம்.இ. ப்ராஜெக்ட் செய்ய வாய்ப்பு உண்டு. சில இடங்களில் ஸ்டைபெண்டும் கிடைக்கும். நன்றாகச் செய்தால் வேலைக்கான ஆஃபரும் வரலாம். அதனால்தான் இதற்குப் போட்டி அதிகம்.

விதிமுறையிலும் இடமிருக்கிறது. துறைத் தலைவர் பரிந்துரைத்தால், தொழிற்சாலையிலோ ஆய்வு நிறுவனத்திலோ ப்ராஜெக்ட் செய்யலாம். அப்போது கல்லூரியில் ஒரு கைடு, நிறுவனத்தில் ஒரு இணை கைடு என இரண்டு பேர். மாணவர் அவ்வப்போது கல்லூரி கைடைச் சந்திக்க வேண்டும், ரிவ்யூக்களுக்கும் நேரில் வர வேண்டும். "கம்பெனியில இருந்தேன் சார், அதான் வரலை" என்ற பதில் ரிவ்யூ கமிட்டியிடம் எடுபடாது.

அசல் சிக்கல் வேறு இடத்தில். கம்பெனிக்கு வேண்டியது ஒன்று, தீசிஸுக்கு வேண்டியது இன்னொன்று.

கோவை ஃபவுண்டரி ஒன்றில், வார்ப்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்து பம்ப் பாகங்கள் ரிஜெக்ட் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். மேனேஜருக்கு அடுத்த மாதத்துக்குள் ரிஜெக்ஷன் குறைய வேண்டும். மாணவர் போகிறார், மணலின் ஈரப்பதத்தை மாற்றுகிறார்கள், உலோகத்தை ஊற்றும் வெப்பநிலையையும் மாற்றுகிறார்கள். ரிஜெக்ஷன் குறைகிறது. கம்பெனி ஹேப்பி. ஆனால் வைவாவில் கேள்வி இப்படி வரும்: "ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தியிருக்கீங்க. எதனால குறைஞ்சுது?"

பதில் இருக்காது. ஏனென்றால் உற்பத்தி ஓடும் இடத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க யாரும் நேரம் தந்திருக்க மாட்டார்கள். ஆகவே கம்பெனிக்குள் நுழையும்போதே, "எனக்கு இத்தனை வார்ப்பு தனியா ஊத்திப் பார்க்க அனுமதி வேணும்" என்று கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம். கேட்க சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் வாரத்தில் கேட்டால் ஓரளவு கிடைக்கும், மார்ச் மாதம் கேட்டால் கிடைக்காது.

அடுத்தது ரகசிய ஒப்பந்தம். உள்ளே நுழையும்போது என்.டி.ஏ. என்று ஒரு பேப்பர் நீட்டுவார்கள். பலர் படிக்காமலேயே கையெழுத்து போடுவார்கள். பிறகு தீசிஸில் எந்த எண்ணையும் போட முடியாத நிலை வரும். எந்த டேட்டாவைத் தீசிஸில் காட்டலாம், அசல் எண்ணுக்குப் பதில் சதவீதமாகவோ விகிதமாகவோ காட்டலாமா, கம்பெனி பெயர் வரலாமா, இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்கி வைப்பது பாதுகாப்பு. உங்களை எடுத்த மென்டர் நடுவில் வேலை மாறிப் போய்விட்டால், அந்த மெயில்தான் சாட்சி.

கேட் மதிப்பெண் மூலம் சேர்ந்து ஏ.ஐ.சி.டி.இ. உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய் வாங்குபவர்கள் இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். அந்தத் தொகை மாதாமாதம் கல்லூரி வருகையை உறுதி செய்த பிறகே வரும். கம்பெனியில் இருக்கும் நாட்கள் எப்படிக் கணக்காகும், அங்கே தரும் ஸ்டைபெண்டையும் சேர்த்து வாங்கலாமா என்பதை, கல்லூரியில் உதவித்தொகைக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. "எங்க கம்பெனியில ப்ராஜெக்ட் பண்ணலாம், சர்டிபிகேட் தர்றோம், இவ்வளவு கட்டணும்" என்று மாணவரிடமே பணம் கேட்கும் இடத்தைத் தொழிற்சாலை ப்ராஜெக்ட் என்று கணக்கில் வைக்க வேண்டாம்.

காரைக்குடி, தரமணி, கல்பாக்கம்

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. அதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. தேசிய அளவிலான ஆய்வு நிறுவனங்கள் பல பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் உள்ளன. பேட்டரி, துருப்பிடிப்பு என்றால் காரைக்குடி சி.எஸ்.ஐ.ஆர்.-செக்ரி. கட்டடம், பாலம், கோபுரம் என்றால் சென்னை தரமணியில் எஸ்.இ.ஆர்.சி. தோல், பாலிமர் என்றால் அடையாறு சி.எல்.ஆர்.ஐ. கடல் தொழில்நுட்பத்துக்கும் காற்றாலைக்கும் பள்ளிக்கரணையில் என்.ஐ.ஓ.டி.யும் தேசிய காற்றாற்றல் நிறுவனமும். உலோகம், அணுஉலைப் பொருட்கள் என்றால் கல்பாக்கம் ஐ.ஜி.சி.ஏ.ஆர்.

இங்கே கிடைப்பது இரண்டு. ஒன்று, கல்லூரியில் பார்க்கவே முடியாத கருவிகள். மற்றொன்று, அந்தத் துறையிலேயே வருடக்கணக்கில் உழைக்கும் விஞ்ஞானியின் மேற்பார்வை. பி.எச்டி. போகும் எண்ணம் இருப்பவர்களுக்கு அவர் தரும் பரிந்துரைக் கடிதத்துக்கு நல்ல எடை உண்டு.

ஆனால் டைட்டில் ஃபாரம் வந்த பிறகு விண்ணப்பித்தால் லேட். துறைத் தலைவரின் கடிதத்தோடு, இரண்டாவது செமஸ்டரிலேயே முயற்சி தொடங்க வேண்டும். கல்பாக்கம் போன்ற அணுசக்தி வளாகத்தில் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். அதற்கென்று தனியாக நாட்கள் ஆகும். இடம் கிடைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். விஞ்ஞானி நடத்தும் பெரிய ஆய்வில் எந்தத் துண்டு உங்களுடையது? அது தெளிவாக இல்லையென்றால், ஆறு மாதம் மற்றவர்களுக்கு சாம்பிள் தயாரித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

சொந்தமாக ஒரு பொருள் செய்தால்?

ஸ்டார்ட்அப் கனவோடு, ஒரு கருவியையே ப்ராஜெக்ட்டாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு சிறு நிதி தருகிறது. கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கருவி ஓடினால் மட்டும் தீசிஸ் ஆகாது. ஏற்கெனவே இருப்பதைவிட எவ்வளவு மேல் என்று அளந்து காட்ட வேண்டும்.

காப்புரிமை வாங்கும் எண்ணம் இருந்தால் வரிசை முக்கியம். முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் கான்ஃபரன்ஸ் பேப்பர். வெளியே சொல்லிவிட்ட கண்டுபிடிப்பு, சில விதிவிலக்குகளைத் தவிர, புதியது என்ற தகுதியை இழந்துவிடும். அவசரமென்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பத்தைத் தரலாம். கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீத சலுகை 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு மட்டும் இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவின்படி காப்புரிமை கிடையாது.

"காசு கொடுத்தா ப்ராஜெக்ட் ரெடி": இதில் என்ன ஆபத்து?

எந்தக் கையேட்டிலும் இல்லாத ஐந்தாவது வாய்ப்பு ஒன்று இருக்கிறது. இன்ஜினியரிங் கல்லூரிகள் அதிகமுள்ள ஊர்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தால் போர்டு கண்ணில் படும். "ஐ.இ.இ.இ. ப்ராஜெக்ட்ஸ், எம்.இ., எம்.டெக்., பி.எச்டி. கைடன்ஸ்." கோடு, ரிப்போர்ட், பிபிடி, வைவாவில் என்ன சொல்ல வேண்டும் என்ற டிரெயினிங் வரை எல்லாம் பேக்கேஜ்.

ஐ.இ.இ.இ. அமைப்பு யாருக்கும் ப்ராஜெக்ட் டைட்டில் கொடுப்பதில்லை. அந்தப் பட்டியலில் இருப்பவை, உலகில் எங்கோ யாரோ செய்து வெளியிட்டுவிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகள். அதே தலைப்பு, அதே கோடு வேறு கல்லூரி மாணவருக்கும் போயிருக்கலாம்.

இங்கே போகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். அது நியாயம் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், பி.இ.யில் ஒழுங்காக கோடிங் சொல்லித்தரப்படாதவர், லேபில் கருவியே வேலை செய்யாதவர், கைடைப் பார்க்கவே முடியாதவர் எனப் பலரும் அந்த மாடிப்படி ஏறுகிறார்கள். கல்லூரி செய்யத் தவறியதைத்தான் அங்கே விற்கிறார்கள்.

ஆனால் மாட்டிக்கொள்ளும்போது மாட்டுவது மாணவர் மட்டும்தான். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகள், முதுநிலை ஆய்வேடுகளில் அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதற்குப் படிப்படியான தண்டனை வைத்திருக்கின்றன. ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், திருத்தியதைச் சமர்ப்பிக்கவே ஒரு வருடத் தடை. 60-ஐத் தாண்டினால் படிப்புப் பதிவே ரத்து.

"சாஃப்ட்வேர்ல மாட்டாம மாத்தி எழுதித் தர்றோம்" என்பது அடுத்த விளம்பரம். ஏ.ஐ. சாட்பாட் வந்த பிறகு அதற்குக் கடைகூடத் தேவையில்லை. சாஃப்ட்வேரைத் தாண்டிவிடலாம். வைவா அறையைத் தாண்டுவதுதான் கஷ்டம். எக்ஸ்டர்னல் கோடைத் திறந்து, "இந்த வேல்யூவைப் பாதியா குறைச்சா ரிசல்ட் எந்தப் பக்கம் போகும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். செய்தவருக்கு அது ஈஸி கேள்வி. ஏற்கெனவே பத்து முறை மாற்றிப் பார்த்திருப்பார். வாங்கியவருக்கு அங்கேயே தொண்டை வறண்டுவிடும். வேலைக்கான இன்டர்வியூவிலும் இதே கதைதான். எம்.இ. முடித்து வருபவரிடம் முதலில் கேட்பதே ப்ராஜெக்ட் பற்றித்தான்.

எல்லாவற்றுக்கும் பணம் கொடுப்பது தப்பா? இல்லை. ரிச்சி தெருவில் சென்சார் வாங்குவது வேறு, ப்ராஜெக்ட்டையே வாங்குவது வேறு. கல்லூரியில் இல்லாத சோதனையை வெளி லேபில் கட்டணம் கட்டிச் செய்யலாம். போர்டு சால்டரிங், மெஷினிங் வேலையை வெளியே கொடுக்கலாம். எதை எங்கே செய்தோம் என்று தீசிஸில் எழுதிவிட்டால் முடிந்தது. ஒரு டியூட்டரிடம் போய் பைத்தான் கற்றுக்கொள்வதிலும் தப்பில்லை. அளவுகோல் ஒன்றுதான்: முடிவு எப்படி வந்தது என்று நீங்களே சொல்ல முடியுமா?

அப்போ யாருக்கு எது?

பி.எச்டி. அல்லது ஆசிரியர் வேலை மனதில் இருந்தால், கல்லூரி லேபில் உங்கள் தலைப்பிலேயே ஆய்வு செய்யும் ஒரு நல்ல கைடோ, ஆய்வு நிறுவனமோ பொருத்தம். தொழிற்சாலை வேலைதான் குறி என்றால் கம்பெனி ப்ராஜெக்ட் சரி. ஆனால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க அனுமதி கிடைக்கும் கம்பெனியாக இருக்க வேண்டும். வீட்டுச் சூழ்நிலையால் ஊரை விட்டு நகர முடியாதவர்கள், பெரிய பெயருக்கு ஆசைப்படாமல் கையில் இருக்கும் கருவியோடு சின்னக் கேள்வியை எடுப்பது புத்திசாலித்தனம். 45 கியூபை ஒழுங்காக ஊற்றி, முடிவை நேர்மையாக எழுதிய தீசிஸ், பெரிய தலைப்பு வைத்து பாதியில் நின்ற தீசிஸைவிட வைவாவில் நன்றாகவே நிற்கும்.

கைடு விஷயத்திலும் அப்படித்தான். விதிப்படி கைடாக இருக்க பி.எச்டி. வேண்டும், அல்லது முதுநிலைப் பட்டத்தோடு குறைந்தது 3 வருட ஆசிரியர் அனுபவம் வேண்டும். ஆனால் டாக்டர் பட்டத்தைவிட, இந்த வருடம் அவரிடம் எத்தனை மாணவர்கள் என்பது உங்களை அதிகம் பாதிக்கும். போன வருடம் அவரிடம் செய்த சீனியரிடம் "மார்க் எப்படி?" என்று கேட்பதற்குப் பதில், "வாரத்துக்கு எத்தனை தடவை பார்க்க முடிஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்கள்.

டைட்டில் கொடுத்துவிட்டோம், இனி மாற்ற முடியாதே என்ற பயம் பலருக்கு. ஃபேஸ் 1-ல் படித்துப் பார்த்த பிறகு கேள்வியைச் சுருக்குவதும், திசையைக் கொஞ்சம் திருப்புவதும் நடக்கிற விஷயம்தான். கைடு, ரிவ்யூ கமிட்டி ஒப்புதலோடு அதை முதல் அல்லது இரண்டாவது ரிவ்யூவிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது ரிவ்யூ வரை இழுத்துவிட்டுச் சொன்னால்தான் சிக்கல்.

டைட்டில் ஃபாரத்தை நிரப்பும் முன் கீழ் மாடி லேபுக்கு ஒருமுறை போய், லேப் டெக்னீஷியனிடம் பேசிவிட்டு வாருங்கள். எந்த மெஷின் ஓடுகிறது, எது ரிப்பேரில் கிடக்கிறது, கடைசியாக எப்போது கேலிபரேஷன் செய்தார்கள், ஜனவரியிலிருந்து மார்ச் வரை அதற்கு யார் யார் புக்கிங் போட்டிருக்கிறார்கள். இத்தனையும் அவரிடம் இருக்கும் ஒரு நோட்டில் எழுதியிருக்கும். "அண்ணா, அந்த நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டால் காட்டுவார்.